மே மாதம் சொந்த வேனில் கிருஷ்ணகிரியிலிருந்து காஷ்மீர்: நானும் வீட்டுக்காரரும், வழி சொல்லுங்கள்

காவேரிப்பட்டணம்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். நானும் என் வீட்டுக்காரரும் வருகிற மே மாதம் வீட்டு வாசலிலேயே வண்டியை எடுத்து ஸ்ரீநகர் வரை போய்த் திரும்பலாம் என்று இருக்கிறோம். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான், அதனால் "டிசம்பரில் போங்கள்" என்று யாரும் சொல்ல வேண்டாம். மாந்தோப்பை இந்த வருடம் குத்தகைக்கு விட்டாயிற்று, அவருக்கும் காய் அறுப்பு வேலை கிடையாது. வண்டி 2015 மாடல் டிராவலர், டீசல், ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது, மஞ்சள் போர்டு. சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், சமையல் மேடை, ஒரு டன் ஏசி, ஃபிரிட்ஜ், பின்பக்கம் குளியலறையோடு கக்கூஸ், 300 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைக்க வேண்டும் என்று நோட்டில் படமே போட்டு வைத்திருக்கிறார். பழைய என்எச் 7, இப்போதைய என்எச் 44, நம் ஊர் வழியாகத்தான் கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் போகிறது. சேலம் பக்கம் போகும்போதெல்லாம் இதே ரோட்டில் எதிர்ப்பக்கம் போனால் காஷ்மீர் என்று இவர் சொல்லிச் சொல்லியே எனக்கும் ஆசை வந்துவிட்டது. வெயில், சட்டம், ராத்திரி எங்கே நிறுத்துவது, கக்கூஸ் கழிவை என்ன செய்வது, இந்த நான்கும்தான் பெரிய கேள்வி. போனவர்கள் சொல்லுங்கள்.

தொப்பூர்_கணவாய்

டீச்சர், நான் லாரி டிரைவர். மாம்பழக்கூழ் டிரம்மும் கிரானைட்டும் ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் நாக்பூர், ஆக்ரா, தில்லி என்று போய்க்கொண்டே இருப்பவன். முதலில் சாரின் நோட்டை வாங்கிப் பாதியை அடித்துவிடுங்கள். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. அதோடு ஏசி, பேட்டரி, பிளைவுட் அலமாரி, கட்டில், ஃபிரிட்ஜ். அத்தனையும் பின் டயரில்தான் உட்காரும். மே மாதம் அதிலாபாத் தாண்டினால் தார் ரோட்டில் கை வைக்க முடியாது, டயர் வெடிப்பதெல்லாம் அங்கேதான். பாரமும் ஏறி காற்றும் குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் மடிந்து மடிந்தே சூடேறும், கடைசியில் விரியும்.

டயரின் ஓரத்தில் நான்கு எண் இருக்கும், 2321 என்று இருந்தால் 2021 ஆம் வருடம் 23 ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் டயரின் மேல்பக்கப் பட்டன் தேயாமல் இருந்தாலும் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை யாரும் பார்ப்பதே இல்லை. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். மத்தியானம் சூட்டில் ஏறிய காற்றைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடாதீர்கள்.

வழி என்று கேட்டால், பெங்களூருக்குள் நுழையவே வேண்டாம். நம் கிருஷ்ணகிரியிலிருந்தே என்எச் 42 கிளம்புகிறது. குப்பம், பலமனேர், மதனப்பள்ளி, கதிரி, அனந்தபூர் என்று போய் அங்கே 44 ஐப் பிடித்துக்கொள்ளலாம். சில இடத்தில் ரோடு குறுகல்தான், ஆனால் கர்நாடக எல்லை அத்திப்பள்ளி நெரிசலில் நிற்கிற நேரத்துக்கு இதில் குப்பமே தாண்டிவிடலாம். பெங்களூர் வழியாகத்தான் போவேன் என்றால் பாகேபள்ளியில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதுதான் கர்நாடகாவின் கடைசி. ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் டீசல் விலை கூட.

பாரூர்_ஏரிக்கரை

எனக்குப் புரியவே இல்லை. நம் ஊரிலேயே கத்திரி வெயில் தாங்காமல் ஏற்காடு ஓடுகிறோம், நீங்கள் நாக்பூர் வழியாக மே மாதம் தகர வண்டியில் போகிறேன் என்கிறீர்கள். பேசாமல் சேலத்தில் ரயில் ஏறி தில்லியோ ஜம்முவோ போய் இறங்கி, அங்கே கேரவன் வாடகைக்கு எடுத்து மலையை மட்டும் சுற்றிவிட்டு வந்தால் செலவும் மிச்சம் உடம்பும் மிச்சம்.

காவேரிப்பட்டணம்_டீச்சர்

நல்ல யோசனைதான் சார், மறுக்கவில்லை. மாவட்டத் தலைநகரத்துக்கே ரயில் நிலையம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு ரயிலைப் பற்றிப் பேசுகிறோம் என்பது ஒரு பக்கம். எங்களுக்கு வேண்டியது போய்ச் சேருவது மட்டும் இல்லை. கர்னூலில் துங்கபத்திரையைத் தாண்டுவதையும் கரிசல் மண் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதையும் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். ரயிலில் அது பாதி ராத்திரியில் போய்விடும்.

பர்கூர்_மின்கம்பி

ஏசி கணக்கை மட்டும் நான் பார்க்கிறேன், சோலார் வேலை செய்பவன்.

12 வோல்ட் 200 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் இரண்டரை யூனிட் கரண்ட் நிற்கும். வெளியே 45 டிகிரி இருக்கும்போது ஒரு டன் ஏசியின் கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காது, மணிக்கு ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இன்வெர்ட்டர் தின்பது தனி. ஆக ஒரு பேட்டரிக்கு இரண்டு மணி நேரம். ராத்திரி முழுக்க வேண்டும் என்றால் நான்கு பேட்டரி. கூரையில் 400 வாட் பேனல் போட்டால் நல்ல வெயில் நாளில் ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரும், அதாவது பகல் முழுக்கச் சேர்த்ததை ஏசி இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். பழைய அமிலப் பேட்டரி என்றால் இன்னும் மோசம், பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போய்விடும்.

ஆனால் நாம் தமிழ்நாட்டுக்காரர்கள் மறந்துவிடுகிற ஒன்று இருக்கிறது. வடக்கே வெயில் காய்ந்த வெயில். நாக்பூரிலும் ஜான்சியிலும் குவாலியரிலும் மே மாதம் காய்ந்த மத்தியானத்தில் காற்றில் ஈரம் 15 சதவீதம் வரைகூட இறங்கும். அந்தக் காற்றைத் தண்ணீர் நனைத்த பேட் வழியாக இழுத்தால் 45 டிகிரி 27, 28 க்கு இறங்கும். நாக்பூரில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் கூலர் மாட்டியிருப்பதற்குக் காரணம் இதுதான். சென்னையில் அதே கூலரை வைத்தால் புழுக்கம்தான் கூடும். 12 வோல்ட் கூலர் 60 முதல் 80 வாட்தான் எடுக்கும், எட்டு மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட் சொச்சம். தண்ணீர் மட்டும் ஒரு ராத்திரிக்கு இருபது முப்பது லிட்டர் குடிக்கும். எதிர்ப்பக்கம் ஜன்னலை இரண்டு விரல் திறந்து வைக்க வேண்டும், மூடினால் ஈரம் உள்ளேயே தேங்கிவிடும். ஏசியையும் நான்கு பேட்டரியையும் நோட்டில் அடித்துவிட்டு ஒரு பேட்டரி, ஒரு கூலர், கூரைக்கு உள்பக்கம் நல்ல தடிமனான இன்சுலேஷன் ஷீட் என்று எழுதச் சொல்லுங்கள்.

தொப்பூர்_கணவாய்

மின்கம்பி சொல்வது சரி. லாரியில் நாங்களே ஈரத் துணியை ஜன்னலில் கட்டிக்கொண்டு போவோம். ஆனாலும் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் வேனுக்குள் கூலரை நம்பி உட்கார வேண்டாம். லூ என்று ஒரு அனல் காற்று அடிக்கும், அது வேறு மாதிரி. விடியற்காலை நான்கு மணிக்கு எடுத்து பத்து, பத்தரைக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். பகல் முழுக்க ஏதாவது ஒரு லாட்ஜில் ஏசி ரூம் போட்டுப் படுங்கள். மோட்டார் ஹோம் வைத்துக்கொண்டு லாட்ஜா என்று சாருக்குக் கோபம் வரும். வரட்டும். அதிலாபாத்தில் இருந்து ஆக்ரா வரைக்கும்தான், அதைத் தாண்டி மலை ஏறிவிட்டால் வேனிலேயே படுத்துக்கொள்ளலாம்.

மத்தூர்_புளியமரம்

இன்சுலேஷன் ஷீட் எந்தக் கடையில் கிடைக்கும்? என் மாருதி வேனுக்கும் வேண்டும்.

பர்கூர்_மின்கம்பி

பெங்களூர் எஸ்.பி. ரோடு. நைட்ரைல் ரப்பர் என்று கேளுங்கள். இதற்குத் தனி இழை போடுங்கள் அண்ணா.

ஓசூர்_பட்டறை

வண்டிக்கு பாடி வேலை செய்பவன் என்ற முறையில் சட்டப் பக்கம் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

சீட்டைக் கழற்றுவது சின்ன வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆர்சியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று எழுதியிருக்கிறதோ அதை மாற்றினாலே அது மாற்றம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சிக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 இல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதனால் வேலையை முடித்துவிட்டு ஆர்டிஓ ஆபீஸில் போய் நிற்காதீர்கள், முதலில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். உங்கள் வண்டி மஞ்சள் போர்டு வேறு, அதைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றுவது தனி வேலை. வரி பாக்கி, பெர்மிட்டை ஒப்படைப்பது, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது எல்லாம் உண்டு. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று ஆர்சியில் தனி வகையே இருக்கிறது, அதில் பதிவாவதுதான் நல்லது. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று ஒரு தரநிலை இருக்கிறது, கட்டித் தருகிறவர் அதைக் கேட்டு முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

இன்சூரன்ஸை மறக்க வேண்டாம். மாற்றியதை எழுத்தில் தெரிவிக்காமல் போய் ஏதாவது நடந்தால் க்ளெய்ம் கையை விரிக்க அவர்களுக்கு அது ஒன்றே போதும். லைசென்ஸ் பற்றிக் கவலை இல்லை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு கார் லைசென்ஸே போதும், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது.

இவ்வளவும் மே மாதத்துக்குள் முடியுமா என்றால், இப்போதே ஆரம்பித்தால் முடியும். பங்குனியில் வந்து கேட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது.

காவேரிப்பட்டணம்_டீச்சர்

ரொம்ப நன்றி தம்பி. ஏசியை அடித்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது, இருந்தாலும் கூலர் கணக்கைக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். குளியலறையை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.

பாலக்கோடு_தக்காளி

அக்கா, நானும் வீட்டுக்காரரும் வாடகை கேரவனில் ராஜஸ்தான் போய் வந்தவர்கள். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

குளியலறை வேண்டாம். வேனுக்குள் குளித்தால் ஈரம் கட்டிலுக்கு வந்துவிடும், ஒரு ஆள் குளியலுக்கு இருபது லிட்டர், கழிவுத் தண்ணீருக்கு இன்னொரு தொட்டி, அது நாறும். லாட்ஜிலும் தாபாவிலும் குளித்துக்கொள்ளலாம், வடக்கே தாபாக்களில் போர் தண்ணீர் பெரிய குழாயில் கொட்டும், ஆண்களுக்கு அதுவே போதும். நமக்கு லாட்ஜ்தான்.

ஆனால் கக்கூஸ் கட்டாயம் வேண்டும். நடுராத்திரி வண்டியை விட்டு இறங்காமல் இருக்க முடிகிறதே, பெண்களுக்கு மோட்டார் ஹோமில் அதுதான் முக்கியம், கட்டிலும் ஃபிரிட்ஜும் அப்புறம்தான். கழிவுத் தொட்டியை வண்டிக்கு அடியில் கட்டாதீர்கள், வெளிநாட்டில் இருப்பது மாதிரி அதைக் காலி செய்கிற இடம் நம் நாட்டு நெடுஞ்சாலையில் இல்லை. கையில் தூக்குகிற 20 லிட்டர் போர்ட்டபிள் கக்கூஸ் கிடைக்கிறது, மேலே உட்காரும் பகுதி, கீழே கழற்றுகிற தொட்டி. ராத்திரி மட்டும் என்று வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கு மூன்று நாள் தாங்கும். நிரம்பியதும் லாட்ஜ் கக்கூஸில் கொட்டிக் கழுவிக்கொள்ளலாம். வயலிலும் ஓடையிலும் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவு செய்து அது வேண்டாம். பகலில் பெட்ரோல் பங்க். காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றும் இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை, பூட்டி வைத்திருந்தால் சாவியைக் கேட்டு வாங்குங்கள், நான் கேட்டால் தருவார்கள், இவர் கேட்டால் ரிப்பேர் என்பார்கள்.

தண்ணீர் 80 லிட்டர் போதும். வழியெல்லாம் கிடைக்கிறது.

தொப்பூர்_கணவாய்

ராத்திரி நிறுத்துவது பற்றி யாரும் சொல்லவில்லை. ரோட்டோரத்தில், அந்த வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்தக் காரணத்துக்கும் நிறுத்தித் தூங்காதீர்கள். பின்னால் வருகிற லாரிக்காரன் தூக்கக் கலக்கத்தில் முன்னால் நிற்கிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்து அது ஓடுகிறது என்று நினைத்து அதன் பின்னாலேயே வருவான். நெடுஞ்சாலையில் நிற்கிற வண்டியில் மோதுகிற விபத்து நிறைய என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். பின்பக்கம் முழு அகலத்துக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுங்கள். நிறுத்துவதற்கு லாரி நிறைய நிற்கிற பெரிய தாபா, இல்லையென்றால் 24 மணி நேர பங்க். மேனேஜரிடம் கேட்டுவிட்டு, அங்கேயே டீசல் அடித்துவிட்டு, வெளிச்சத்தில் நிறுத்துங்கள்.

நாக்பூர் தாண்டி சிவனி போகிற வழியில் பெஞ்ச் காடு வரும். புலி ரோட்டைக் கடப்பதற்காக அங்கே ரோட்டையே தூக்கிப் பாலமாகக் கட்டி, வெளிச்சமும் சத்தமும் கீழே போகாமல் பக்கவாட்டில் சுவர் வைத்திருக்கிறார்கள். மகாராஷ்டிரா பக்கம் மட்டும் அப்படி ஒன்பது இடம், அதில் ஒன்றின் நீளம் முக்கால் கிலோமீட்டர். ஓட்டிக்கொண்டே பாருங்கள், நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம்.

மத்திகிரி_குதிரை

எல்லோரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2015 மாடல், டீசல். பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டி தில்லி என்சிஆருக்குள், அதாவது தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களிலும், ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் உத்தரவு போட்டது, 2018 இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்புறம் பிடிப்பது, நிறுத்தி வைப்பது, மறுபடி பிடிப்பது என்று இழுபறியாகவே போகிறது. இன்றைக்கு என்ன நிலை என்பதை நம்பிக் கிளம்பினால் நீங்கள் போய்ச் சேரும் நாளில் வேறாக இருக்கலாம்.

தில்லிக்கு வெளியே கிழக்கு வட்டச் சாலையில் சுற்றிப் போனால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பல்வல், காசியாபாத், சோனிபத், பானிபத், கர்னால் எல்லாமே என்சிஆர்தான். 44 ஐப் பிடித்துக்கொண்டு போனால் அதைத் தொடாமல் பஞ்சாப் போகவே முடியாது.

காவேரிப்பட்டணம்_டீச்சர்

ஐயோ. இதை யாருமே சொல்லவில்லையே. வண்டி விற்ற ஆளும் சொல்லவில்லை. அப்படியென்றால் காஷ்மீர் கிடையாதா?

பாரூர்_ஏரிக்கரை

ரயில்.

மத்திகிரி_குதிரை

ஏரிக்கரை அண்ணா சும்மா இருங்கள்.

டீச்சர், காஷ்மீரை விட்டுவிட்டுக் குமாவுன் போங்கள் என்பேன். உத்தரகாண்டின் கிழக்குப் பாதி. ஆக்ராவில் 44 ஐ விட்டுவிட்டு காஸ்கஞ்ச், பதாவுன், பரேலி, ஹல்த்வானி. இந்த வழியில் என்சிஆர் மாவட்டம் ஒன்றுகூடக் குறுக்கே வராது. ஆக்ராவிலிருந்து ஹல்த்வானி சுமார் 300 கி.மீ., அதற்கு மேல் மலை. ராணிகேத், அல்மோரா, கௌசானி, தைரியம் இருந்தால் முன்சியாரி. ஸ்ரீநகர் போவதைவிட ஒரு வழிக்கு 700 கி.மீ. போலக் குறையும், அந்த நாட்களை மலையில் உட்கார்ந்து கழிக்கலாம். கௌசானி ஆறாயிரம் அடிக்கு மேல், மே மாதமும் ராத்திரி கம்பளி வேண்டும். காந்தி 1929 இல் அங்கே தங்கி தன் கீதை உரைக்கு முன்னுரை எழுதிய வீடு இன்றும் அனாசக்தி ஆசிரமமாக இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நேர் எதிரே திரிசூல், நந்தா தேவி.

நைனிதாலை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். மே மாதம் அங்கே நடக்கவே இடம் இருக்காது, உங்கள் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? இன்னொன்று, மே மாதம் குமாவுனில் பைன் காடு பற்றி எரியும், 2024 இல் நிலைமை மோசம். அப்படிப் புகை சூழ்ந்தால் பனிமலை கண்ணுக்கே தெரியாது. ஒரு மழை பெய்தால் பளிச்சென்று திறக்கும். அதனால் ஒரே ஊரில் நான்கு நாள் இருக்கிற மாதிரி திட்டம் போடுங்கள், ஓடிக்கொண்டே இருந்தால் எதையும் பார்க்க மாட்டீர்கள்.

காவேரிப்பட்டணம்_டீச்சர்

அவரிடம் படித்துக் காட்டினேன். காஷ்மீர் இல்லாமல் என்ன பயணம் என்று காபியைக்கூடக் குடிக்காமல் தோப்புப் பக்கம் போய்விட்டார். திரும்பி வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

தொப்பூர்_கணவாய்

சார் வருவதற்குள் மலை இறக்கம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் தொப்பூர் கணவாயில் எத்தனை வண்டி புரண்டிருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். அதற்கு ஒரு முக்கியக் காரணம், டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவது. கியர் இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கில்தான். பிரேக் காய்ந்து புகைந்து, அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது. குமாவுனில் தொப்பூர் மாதிரி இறக்கம் ஒன்றல்ல, நாள் முழுக்க வரும். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் மிதித்து விட்டு, மிதித்து விட்டு வாருங்கள். கிளம்பும் முன் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றுங்கள், பழைய ஆயில் ஈரம் இழுத்திருந்தால் சூட்டில் கொதித்துவிடும்.

கூரைமேல் பேனல் வைத்த பிறகு தரையிலிருந்து மொத்த உயரம் எவ்வளவு என்று அளந்து, ஸ்டியரிங்குக்கு எதிரே எழுதி ஒட்டி வையுங்கள். ரயில்வே அடிப்பாலத்தில் நுழையும்போது யோசிக்க நேரம் இருக்காது.

பாலக்கோடு_தக்காளி

சாப்பாடு? அக்கா, புளிக்காய்ச்சல் கிளறி பாட்டிலில் அடைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்ப் புளி இருக்க என்ன கவலை. கேழ்வரகு மாவு ஐந்து கிலோ. தீர்ந்தாலும் பயம் இல்லை, குமாவுனில் ராகியை மண்டுவா என்பார்கள், அங்கே ரொட்டி சுடுவது அதில்தான். மண்டுவா மாவு வாங்கிக் களி கிண்டி உருட்டி அவர்களுக்கும் கொடுங்கள், முழிக்கட்டும். அரிசிக்கு குக்கர் கட்டாயம். ஆயிரம் அடி ஏறினால் தண்ணீர் கொதிக்கிற சூடு ஒரு டிகிரி குறையும், ஆறாயிரம் அடியில் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது.

காவேரிப்பட்டணம்_டீச்சர்

தோப்பிலிருந்து வந்துவிட்டார். ஒரு நிபந்தனையோடு குமாவுனுக்குச் சரி என்கிறார், அடுத்த வருடம் புது வண்டி எடுத்துக் காஷ்மீர் போக வேண்டுமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது, சரி என்றுவிட்டேன். போகும்போது 42 இல் மதனப்பள்ளி போய் முதல் ராத்திரி ஹார்ஸ்லி மலையில், நாலாயிரம் அடி, வேனில் படுத்துப் பார்க்கிறோம். ஏதாவது ஒத்துவரவில்லை என்றால் திரும்பி வந்து சரி செய்துகொள்ளலாம். அப்புறம் கர்னூல், ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, அதிலாபாத். நாக்பூர், சாகர், ஜான்சி மூன்றிலும் லாட்ஜ். ஜான்சியில் இருந்து ஓர்ச்சா இருபது கி.மீ. கூட இல்லையாம், பேத்வா ஆற்றங்கரையில் இருக்கிற சத்ரிகளை, அதாவது பழைய ராஜாக்களின் நினைவு மண்டபங்களை, விடியற்காலையில் பார்த்துவிட்டு வெயில் ஏறும் முன் ரூமுக்குத் திரும்பிவிடுவோம்.

டீசல் கணக்கும் போட்டேன். போக வர, மலையில் சுற்ற, எல்லாம் சேர்த்து ஐயாயிரம் கி.மீ. சொச்சம், லிட்டருக்கு ஒன்பது கி.மீ. என்று வைத்தால் 570 லிட்டர் பக்கம், ஐம்பதாயிரத்துக்கு மேல் வருகிறது. டோலுக்கு அந்த வருடாந்திர பாஸ் எங்களுக்குக் கிடைக்குமா?

ஓசூர்_பட்டறை

மஞ்சள் போர்டில் இருக்கும்வரை கிடைக்காது. அது சொந்த உபயோக கார், ஜீப், வேனுக்கு மட்டும், 200 முறை அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. வண்டியை மாற்றிப் பதிவு செய்த பிறகும் ஃபாஸ்டேக் எந்த வகுப்பில் இருக்கிறது என்று பாருங்கள், மினி பஸ் வகுப்பிலேயே கிடந்தால் பாஸும் கிடைக்காது, ஒவ்வொரு டோலிலும் கூடுதலாகவும் போகும். புது ஆர்சி வந்ததும் பழைய டேக்கை மூடிவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் சுலபம்.

காவேரிப்பட்டணம்_டீச்சர்

நன்றி தம்பி. கடைசியாக ஒன்று, வீட்டு சிலிண்டரை வண்டியில் வைத்துக்கொள்ளலாமா?

பர்கூர்_மின்கம்பி

கூடாது, வீட்டு சிலிண்டர் வீட்டுக்கு மட்டும்தான். ஐந்து கிலோ சிலிண்டர் அடையாள அட்டை காட்டினாலே ஏஜென்சியிலும் சில பங்க்குகளிலும் தருவார்கள், வழியில் காலியானால் அதே கம்பெனியின் கடையில் மாற்றிக்கொள்ளலாம். நிற்க வைத்து பெல்ட் போட்டுக் கட்டுங்கள், ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றிவிடுங்கள். சமைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும். மலையில் குளிருகிறது என்று அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு கதவை மூடித் தூங்கவே கூடாது, மூடிய இடத்தில் எரிகிற அடுப்பிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாத விஷவாயு. கம்பளியை இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.